‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்றால், பொறுப்பு யாருடையது?

(ஆயக்குடியில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



கொய்யாத் தோப்பிலும் வயலிலும் பகலெல்லாம் பாடுபட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் உலை வைக்கவும் நேரமில்லாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். கூலிப் பிரச்னை பேசுவார்கள், மார்க்கெட்டில் கொய்யாவுக்கு விலையில்லாத கொடுமையைப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றையும் பேசத்தான் போகிறோம். ஆனால் இன்று முதலில் ராட்டினத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ‘ராட்டினத்துக்கு ஒரு பொதுக்கூட்டமா?’ என்று யாரும் சிரித்துவிட வேண்டாம். அதில் ஏறுவது நம் பிள்ளைகள்.

திருவிழா மைதானத்தில் டிக்கெட் கொடுக்கும் தகரக் கூண்டுக்கு மேலே ஒரு பலகை தொங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ‘ஏறுபவர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் ஏறவும். நிர்வாகம் பொறுப்பல்ல.’ சென்னைப் பக்கத்திலும் கோவைப் பக்கத்திலும் உள்ள பெரிய கேளிக்கைப் பூங்காக்களில் இதையே பளபளக்கும் எழுத்தில் டிக்கெட்டின் முதுகில் அச்சடித்துத் தருகிறார்கள். பணம் வாங்குகிற பொறுப்பு நிர்வாகத்துடையது. உயிருக்குப் பொறுப்பு ஏறுபவனுடையது! ஏறுபவன் ஆறு வயதுப் பிள்ளையாக இருந்தாலும் இதே கணக்குத்தான்.

இந்தக் கணக்கை நாம் ஏற்றுக்கொள்ளலாமா? இதுதான் இன்றைய கேள்வி.

போன வருஷம் நடந்தது

சென்ற வருஷம் பக்கத்து ஊர்த் திருவிழாவில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். கப்பல் மாதிரி முன்னும் பின்னும் ஆடுகிறதே, ‘கொலம்பஸ்’ என்கிறார்களே, அதில் நம் தோப்புக் கூலிக்காரத் தாய் ஒருவர் தன் பையனோடு ஏறினார். மடிக்கு மேல் இறக்கிவிடும் இரும்புத் தடியின் கொக்கி சரியாக மாட்டவில்லை. அதை நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். கப்பல் உச்சிக்குப் போனதும் பையன் தடிக்கு அடியில் வழுக்கினான். பின்வரிசையில் இருந்த ஒரு இளைஞர் எட்டிப் பையனின் சட்டையைப் பிடித்தார். சட்டை கிழிந்தது. ஆனால் பையன் பிழைத்தான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நம் மனத்தை அறுக்கிறது. கூட்டம் அந்தத் தாயைச் சூழ்ந்துகொண்டது. ‘பிள்ளையைப் பிடித்துக்கொள்ளத் தெரியாதவளுக்கு ராட்டினம் என்ன கேடு?’ என்று ஏசியது. நடுங்கும் பையனை மார்போடு அணைத்துக்கொண்டு, ஏதோ குற்றம் செய்தவரைப் போல அவர் தலைகுனிந்து போனார். கயிறு கட்டிய முதலாளியை யாரும் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் கொலம்பஸ் மறுபடி ஆட ஆரம்பித்தது.

நாங்கள் எங்களையே விமர்சித்துக்கொள்ள வேண்டும். அந்த மைதானத்தில் அன்று கட்சி ஊழியர்களாகிய நாங்களும் இருந்தோம். சந்தா வசூலித்துக்கொண்டிருந்தோம். அந்தக் கயிற்றை எங்களில் சிலர் சாயந்திரமே பார்த்ததும் உண்டு. ‘இதெல்லாம் நம் வேலையா’ என்று சும்மா இருந்துவிட்டோம். அது தவறு.

தாயின் கைக்கு அகப்படாதது

‘பிள்ளையைப் பிடித்துக்கொள்’ என்பது நியாயமாகத்தான் தோன்றும். இயந்திரத்தின் தன்மை தெரிந்தால் அது எவ்வளவு அநியாயம் என்று விளங்கும்.

ஒரே இருக்கையில் பெரியவரும் குழந்தையும் உட்காருகிறார்கள். இருவருக்கும் ஒரே தடி. அது பெரியவரின் தொடையில் முட்டியதும் நின்றுவிடுகிறது. மெலிந்த குழந்தையின் தொடைக்கும் தடிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கப்பல் உச்சியிலிருந்து திரும்பும்போது உடம்பு எடையற்றதுபோல் எழும்பும். அந்த நொடியில் குழந்தை அந்த இடைவெளி வழியே நழுவுகிறது. அப்போது தாய் தன்னையே பிடித்துக்கொண்டிருப்பார். ‘இவ்வளவு உயரத்துக்குக் குறைந்த பிள்ளைகளை ஏற்றாதே’ என்று கோடு போடச் சொல்வது இதற்காகத்தான்.

இரும்புக்கும் களைப்பு உண்டு. ஒரே இடத்தில் லட்சம் தடவை வளைந்து நிமிர்ந்தால் வெல்டு வைத்த இடத்தில் மயிரிழை போல விரிசல் விடும். மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாது. பெயிண்டைச் சுரண்டிவிட்டுச் சாயம் தடவித் துடைத்துப் பார்த்தால்தான் தெரியும். திருவிழா ராட்டினமோ ஊர் ஊராகக் கழற்றி லாரியில் ஏற்றி மறுபடி பூட்டப்படுவது. ஒவ்வொரு தடவையும் போல்ட்டு தேயும், ஊசி தொலையும், அந்த இடத்தில் கம்பி முறுக்கப்படும். மழை பெய்து நெகிழ்ந்த மண்ணில் கட்டையை முட்டுக் கொடுத்து நிறுத்துவார்கள். ஒரு பக்கம் அரை அங்குலம் இறங்கினாலும் போதும்.

இதில் எதைத் தாய் பார்க்க முடியும்? எந்த விரிசலை அவர் சோதிக்க முடியும்? ஆந்திராவில் அனந்தப்பூரில் 2018 மே மாதம் ஒரு பொருட்காட்சி ராட்டினத்தின் கூடை கழன்று விழுந்து 10 வயதுச் சிறுமி இறந்தாள். அந்தப் பெண்ணின் வீட்டார் எதைப் பிடித்துக்கொண்டிருந்தால் அவள் பிழைத்திருப்பாள்?

தாய் தகப்பனுக்குப் பொறுப்பே இல்லை என்று நாம் சொல்லவில்லை. உயரக் கோடு எட்டாத பிள்ளையைக் குதிகாலில் நிற்க வைத்து ஏற்றுவது தவறு. அழுகிற பிள்ளையை ‘பயம் தெளியட்டும்’ என்று திணிப்பது தவறு. ஓடும் ராட்டினத்தில் எழுந்து நின்று போட்டோ எடுப்பது தவறு. கண்ணால் பார்க்கக் கூடியதற்குப் பெற்றோர் பொறுப்பு. இயந்திரத்துக்குள் இருப்பதற்கு இயந்திரத்தால் பிழைப்பவன் பொறுப்பு.

லீவரைப் பிடிக்கும் பையன்

விபத்து நடந்தால் முதலில் பிடிபடுபவன் யார்? லீவரைப் பிடித்திருந்த பையன்.

அன்று ராத்திரி அந்தப் பையனிடம் பேசினோம். இருபது வயதிருக்கும், வடக்கேயிருந்து வந்தவன். காலை பத்து மணிக்கு நின்றவன், பன்னிரண்டு மணிக்குத்தான் உட்கார்ந்தான். தூங்குவது அந்த இயந்திரத்துக்கு அடியிலேயே. அரைகுறைத் தமிழில் சொன்னான்: ‘கொக்கி போச்சுன்னு ஓனர்கிட்ட மூணு நாளா சொல்றேன் அண்ணே. திருவிழா முடியட்டும்கிறார்.’ நிறுத்தினால் அவனுக்கு வேலை போகும். ஓட்டினால் பிள்ளையின் உயிர் போகும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கூலிக்காரனை நிறுத்திவிட்டு, ‘ஆபரேட்டரின் அஜாக்கிரதை’ என்று கேஸ் எழுதுவதா சட்டம்?

2016 மே மாதம் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா பூங்காவில் ஒரு ராட்டினத்தைச் சோதனை ஓட்டம் விட்டார்கள். எடைக்கு ஏற்றியது யாரை? அங்கே வேலை செய்யும் ஊழியர்களை. ராட்டினம் நொறுங்கி ஒரு ஊழியர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். மணல் மூட்டையை வைத்துப் பார்க்க வேண்டிய இடத்தில் மனிதனை வைத்துப் பார்த்தார்கள்! தொழிலாளிக்குப் பாதுகாப்பில்லாத இயந்திரம் குழந்தைக்கு மட்டும் எப்படிப் பாதுகாப்பாகும்?

22 டாலர்

‘பணக்கார நாடுகளில் இப்படி நடக்காது’ என்பவர்களுக்கு இரண்டு சங்கதி சொல்கிறோம்.

அமெரிக்காவில் ஆர்லாண்டோ நகரம். 430 அடி உயரக் கோபுரத்திலிருந்து இருக்கைகள் சடாரென்று விழும் ஒரு ராட்டினம். 2022 மார்ச்சில் 14 வயதுப் பையன் ஒருவன் அதிலிருந்து நழுவி விழுந்து இறந்தான். விசாரித்தபோது, அவன் இருக்கையில் தோள் தடுப்பு அளவுக்கு மேல் திறந்திருந்தாலும் ‘பூட்டியாகிவிட்டது’ என்று இயந்திரம் ஒப்புக்கொள்ளும்படி உணர்கருவியை மாற்றி வைத்திருந்தது தெரிந்தது. இருக்கைக்கு ஒரு பெல்ட்டு இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். அந்தப் பெல்ட்டின் விலை ஒரு இருக்கைக்கு 22 டாலர். 30 இருக்கைக்கும் சேர்த்து 660 டாலர். லாபத்தின் தராசில் ஒரு பையனின் உயிர் அதைவிடக் கனமில்லாமல் போயிற்று.

அதே நாட்டில் கான்சாஸ் நகரம். 168 அடி உயரத் தண்ணீர்ச் சறுக்கு. உலகத்திலேயே உயரமானது என்று விளம்பரம். அதை உருவாக்குவதில் முன்னின்றவர்களிடம் பொறியியல் பட்டம் இல்லை. பூங்கா முதலாளியே தன் இயந்திரத்தைச் சோதித்துக்கொள்ளலாம் என்று அங்கே சட்டம் இடம் கொடுத்திருந்தது. 2016 ஆகஸ்டில் 10 வயதுச் சிறுவன் அதில் பலியானான். அவன் அந்த மாநிலச் சட்டசபை உறுப்பினர் ஒருவரின் மகன். மறு வருஷமே, 2017இல், அங்கே சட்டத்தை இறுக்கினார்கள். சட்டம் செய்கிறவர் வீட்டில் சாவு விழுந்த பிறகு வந்த சட்டம் அது. கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைக்காக எந்தச் சட்டசபை அவ்வளவு வேகமாகக் கூடும்?

‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற பலகைக்கு வருவோம். 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தகுதியற்றவர் என்பது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் வகுத்த வழி. ஆறு வயதுப் பிள்ளை தன் உயிரை எழுதிக் கொடுத்துவிட்டதாகப் பலகை சொன்னால், சட்டமே அதைப் பார்த்துச் சிரிக்கும். நியாயமற்ற ஒப்பந்தம் இன்னதென்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் வரையறுத்திருக்கிறது. ஆகவே அந்தப் பலகை சட்டமல்ல. ஏழை ஜனங்களைப் பயமுறுத்தி வாயை மூட வைக்கும் பூச்சாண்டி.

முத்திரை குத்திய கை

இனி சர்க்காரின் பங்குக்கு வருவோம். ஜனங்கள் கூடும் கேளிக்கை ஸ்தலங்களுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று சென்னை ராஜதானியில் 1888லேயே வெள்ளைக்காரன் சட்டம் கொண்டுவந்தான். ராட்டினப் பாதுகாப்புக்கென்று இந்தியத் தர அமைவனம் ஐ.எஸ். 15475 என்ற எண்ணில் நெறிகளை வெளியிட்டிருக்கிறது. ஆகவே காகிதத்துக்குப் பஞ்சமில்லை. காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ராட்டினத்தின் மேலே ஏறிப் பார்க்கும் மனிதனுக்குத்தான் பஞ்சம்.

2012 ஜூலையில் தாம்பரத்தில் பள்ளிக்கூடப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புக் குழந்தை விழுந்து இறந்ததை நாடு மறந்திருக்காது. அந்தப் பேருந்துக்குத் தகுதிச் சான்று இருந்தது! விபத்துக்குச் சில நாள் முன்புதான் கொடுத்திருந்தார்கள். ஓட்டையைப் பார்க்காமல் முத்திரை குத்திய கைக்குப் பொறுப்பில்லையா? குழந்தை போன பிறகு, அதே வருஷம், பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகள் வந்தன.

2019 ஜூலையில் அகமதாபாத்தில் காங்கரியா பூங்காவில் ஊஞ்சல் ராட்டினம் முறிந்து இருவர் இறந்தனர், இருபதுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். அதே குஜராத்தில், 2024 மே 25 அன்று, ராஜ்கோட்டில் ஒரு விளையாட்டுக் கூடம் தீப்பற்றி 27 பேர் மாண்டனர். கோடை விடுமுறைக்கு வந்த குழந்தைகளும் அதில் உண்டு. தீயணைப்பு இலாகாவின் அனுமதிச் சான்று இல்லாமலே அந்தக் கூடம் நடந்து வந்தது. மனிதர்களால் உண்டாக்கப்பட்ட நாசம் என்று குஜராத் ஹைகோர்ட் கண்டித்தது. முதலாளிகளோடு மாநகராட்சி உத்தியோகஸ்தர்களும் கைதானார்கள். அவர்கள் கைதானது சரி. ஆனால் சாம்பல் ஆறிய பிறகு கைது செய்யும் சர்க்காரை விட, முந்தின நாள் கதவைப் பூட்டும் சர்க்கார்தான் நமக்கு வேண்டும்.

வழக்கின் கதையும் தெரிந்ததுதான். டில்லியில் உபஹார் சினிமாக் கொட்டகை 1997 ஜூன் 13 அன்று தீப்பற்றி 59 பேர் இறந்தார்கள். வழக்கு 18 வருஷம் ஊர்ந்தது. 2015இல் சுப்ரீம் கோர்ட், கொட்டகை முதலாளிகள் இருவரும் தலைக்கு 30 கோடி ரூபாய் அபராதம் கட்டினால் அதுவரை இருந்த சிறைவாசமே போதும் என்று தீர்த்தது. அஜாக்கிரதையால் உயிர்ச்சேதம் விளைவித்தால் பழைய சட்டத்தின் 304ஏ பிரிவில் அதிகபட்சம் 2 வருஷம். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தின் 106ஆம் பிரிவில் 5 வருஷம். வருஷத்தைக் கூட்டினால் மட்டும் போதாது. அந்தப் பிரிவு யார் தலையில் விழுகிறது என்பதே கேள்வி. லீவர்ப் பையன் தலையிலா, லாபம் எண்ணியவன் தலையிலா?

மலைமேல் இருக்கும் பாடம்

இதற்கெல்லாம் வழியே இல்லையா என்று கேட்கலாம். வழி நம் கண்ணெதிரே, பழனி மலையிலேயே இருக்கிறது.

அங்கே 2004இல் ரோப்கார் ஓட ஆரம்பித்தது. 2007 ஆகஸ்டில் விபத்து. நான்கு பேர் இறந்தார்கள். அன்று இந்த வட்டாரமே அழுதது. அதற்குப் பிறகு என்ன நடக்கிறது? தினசரி மத்தியானம் ரோப்காரை நிறுத்திப் பார்க்கிறார்கள். மாதம் ஒரு நாள் நிறுத்துகிறார்கள். வருஷத்துக்கொரு முறை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தி, கம்பி வடத்தையும் உருளைகளையும் சோதிக்கிறார்கள். மறுபடி விடுமுன் பெட்டிகளில் எடையை ஏற்றிச் சோதனை ஓட்டம் விடுகிறார்கள். மனிதனை அல்ல, எடைக்கற்களை! ‘பராமரிப்புக்காக ரோப்கார் இன்று இயங்காது’ என்ற அறிவிப்பைப் பார்த்து நாமும் முணுமுணுத்திருப்போம். முணுமுணுக்கக் கூடாது. அந்த அறிவிப்புத்தான் பொறுப்பு என்ற சொல்லுக்கு அர்த்தம். நான்கு உயிரைக் கொடுத்து வாங்கிய பாடம் அது.

பக்தருக்கு இந்தப் பாதுகாப்பு வேண்டுமென்றால், அதே மலையடிவாரத்தில் தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் வரும் குழந்தைக்கு வேண்டாமா? மலைமேல் ஒரு நியாயம், மைதானத்தில் வேறொரு நியாயமா?

‘ஏழை ராட்டினக்காரன் பிழைப்பில் மண் போடுகிறீர்களே’ என்று ஒருவர் எங்களிடம் சொன்னார். கையால் சுற்றும் குடை ராட்டினத்தோடு வரும் ஏழையை நாம் அறிவோம், அவர் நம்மவர். அவரை விரட்டச் சொல்லவில்லை. மைதானத்தை ஏலம் விட்டுப் பணம் வாங்குகிறார்களே, அந்தப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்துச் சோதனைச் செலவைச் செய்யட்டும். ஏழை ராட்டினக்காரரின் தலையில் ஒரு காசும் ஏற்ற வேண்டாம். பெரிய இயந்திரம் கொண்டுவரும் குத்தகைதாரர் தன் செலவைத் தானே ஏற்கட்டும்.

நமது கோரிக்கைகள்

திருவிழாக் காலம் நெருங்குகிறது. லாரிகள் வந்து இரும்பை இறக்குவதற்கு முன் நாம் கேட்க வேண்டியவை இவை:

ஒன்று. ராட்டினம் பூட்டி முடித்த பிறகு, பொறியாளர் ஒருவர் நேரில் சோதித்துக் கையெழுத்திடாமல் ஒரு டிக்கெட்டும் விற்கக் கூடாது. பழனியில் பாலிடெக்னிக் இருக்கிறது. இயந்திரம் படித்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உதவியைப் பேரூராட்சி கேட்டுப் பெறலாம்.

இரண்டு. சோதித்தவர் பெயர், தேதி, முதலாளி பெயர், விலாசம் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் டிக்கெட் கூண்டில் எழுதி வைக்க வேண்டும். ‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற பலகையை இறக்க வேண்டும். அந்த இடத்தில் ‘பொறுப்பு இன்னாருடையது’ என்ற பலகை ஏற வேண்டும்.

மூன்று. எந்த ராட்டினத்தில் எவ்வளவு உயரப் பிள்ளை ஏறலாம் என்று கோடு போட வேண்டும். எண்ணும் எழுத்தும் தெரியாதவருக்கும் புரிய வேண்டும்.

நான்கு. லீவர் பிடிக்கும் தொழிலாளிக்கு எட்டு மணி நேர வேலை, மாற்று ஆள், பயிற்சி வேண்டும். பழுதென்று கண்டால் நிறுத்தும் உரிமையும், நிறுத்தினதற்காக வேலை போகாது என்ற உறுதியும் வேண்டும்.

ஐந்து. விபத்துக்கு நஷ்டஈடு கிடைக்கும்படி இன்ஷூரன்ஸ் கட்டிய ரசீதைக் காட்டாதவருக்கு மைதானம் இல்லை.

ஆறு. பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளைப் பூங்காக்களுக்கு அழைத்துப் போகும்போது, போகும் இடத்தின் சோதனைச் சான்றை முன்கூட்டி வாங்கிப் பெற்றோருக்குக் காட்ட வேண்டும்.

இந்த ஆறையும் தீர்மானமாக எழுதியிருக்கிறோம். பேரூராட்சிக்கும், பழனியில் கோட்டாட்சியருக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்குவோம். கொடுத்துவிட்டு வீட்டில் படுத்துவிடப் போவதில்லை. ராட்டினம் பூட்டுகிற நாளில் நம்மில் பத்துப் பேர், அதில் பாதிப் பேர் தாய்மார்கள், மைதானத்தில் இருப்போம். யாரையும் அடிக்கப் போவதில்லை, எதையும் உடைக்கப் போவதில்லை. ‘சோதித்தவர் யார்? கையெழுத்து எங்கே?’ என்று கேட்போம். பதில் வரும் வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.

நம் பிள்ளைகளுக்குச் சந்தோஷமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வருஷமெல்லாம் ஒட்டுப் போட்ட சட்டையோடு அலையும் பிள்ளை, திருவிழா அன்று உயரத்தில் ஏறி நம் தோப்பையும் மலையையும் ஒரு சேரப் பார்த்துச் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு அதன் உரிமை. பத்திரமாகக் கீழே இறங்கி வருவதும் அதன் உரிமை.

போன வருஷம் தலைகுனிந்து போன அந்தத் தாய் இதோ இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டோம். அம்மா, அன்று தலைகுனிய வேண்டியவர் நீங்கள் அல்ல. கயிறு கட்டியவர், அதைப் பாராமல் அனுமதி கொடுத்தவர், பார்த்தும் பேசாமல் இருந்த நாங்கள், இத்தனை பேரும்தான் தலைகுனிய வேண்டும். அந்தத் தீர்மானத்தில் முதல் கையெழுத்தை நீங்கள் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இரண்டாவது கையெழுத்தை நாங்கள் போடுகிறோம். ஊர் முழுவதும் தொடர்ந்து போடட்டும்!